பொரி உருண்டையும் பத்து நிமிஷமும்

திருவண்ணாமலை,
12.5.1985

அன்புள்ள குணமதிக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? இங்கே வெயில் ஜாஸ்தி. என்னை உனக்கு நினைவிருக்காது. நீ நாலாம் வகுப்பு படித்தபோது, சென்னையில் ஒரு இலவச விடுதிப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க உங்கள் ஊருக்கு வந்த சந்திரகலா டீச்சர் நான். இப்போது இங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மனோதத்துவம் நடத்துகிறேன். உன் மாமா தன்யகுமார் இங்கேதான் குமாஸ்தா. முகவரி அவர் தந்தது.

அன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு பொரி உருண்டையை வைத்து, பத்து நிமிஷம் தொடாமலிருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். கவனத்தையும் ஆசையை அடக்குவதையும் அளக்க அப்படி ஒரு முறை உண்டு. கடைசியாக வந்தவள் நீ. ஜன்னலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாய். ஐம்பது விநாடியில் எடுத்துத் தின்றுவிட்டாய். நேரமாயிடுச்சு டீச்சர் என்று ஏதோ சொல்ல வந்தாய். வீட்டுக்குப் போகும் அவசரம் என்று நினைத்து, பேசாதே என்று அதட்டினேன். ‘கவனம் நிலைப்பதில்லை. ஆசையை அடக்கத் தெரியவில்லை’ என்று எழுதினேன். உனக்கு இடம் கிடைக்கவில்லை.

போன வாரம் எங்கள் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஐந்தரைக்கே உன் மாமா டிபன் டப்பாவைத் திறந்தார். சாருக்கு வயித்துலயே கடிகாரம் இருக்குது என்று இன்னொரு குமாஸ்தா வேணு கிண்டல் செய்தார். பொழுது சாஞ்சா எங்க ஜைன வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம்பா, எங்க குணமதி நாலு வயசுலேர்ந்தே அப்படித்தான் என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, தயங்கி, நீங்க சோதிச்ச பொண்ணுதாங்க மேடம் என்றார். நாலு வருஷமாகப் பக்கத்து மேஜையில் இருந்தும் அவர் அதைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். டிசம்பர் மாதம். மாலை ஐந்தே முக்கால். மேற்கு ஜன்னல். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்திருக்கும். பத்து நிமிஷம் காத்திருந்தால் பொழுது சாய்ந்து, ஒன்றைக்கூட நீ தின்றிருக்க முடியாது. நீ கவனமாகத்தான் இருந்திருக்கிறாய். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனால் என் ஸ்டாப் வாட்சைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நீ ஒரு டம்ளரைத் தவறவிட்டால்கூட, மெட்ராஸ் டீச்சரே எழுதிட்டாங்களே, இவளுக்கு கவனம் நிக்காதுன்னு என்பார்களாம் வீட்டில். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியும், எனக்குப் படிப்பு வராது மாமா என்று இரண்டு வருஷமாக வீட்டிலேயே இருக்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து என்னால் வகுப்பில் நின்று பேச முடியவில்லை.

நான் எழுதியது தவறு என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். அப்பாவிடம் கொடு. வீட்டில் எல்லோரும் கேட்கும்படி அவர் வாசிக்கட்டும். பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பமும் இருக்கிறது. கடைசி நாள் ஜூன் ஐந்து.

படிப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் அன்று நான் எழுதியதை நம்பி விட்டுவிடாதே, அம்மா. அந்த விண்ணப்பத்துக்குத்தான் தேதி இருக்கிறது. எனக்குப் பதில் போட அவசரமில்லை. போடாவிட்டாலும் நியாயம்தான். இங்கே தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். நாளையிலிருந்து லீவு. அது முடியும்வரை அந்த நேரத்தில் நான் வேறெங்கும் போவதில்லை.

நன்றாக இரு.

சந்திரகலா