கரடிக்குட்டி பேசாமல் இருக்கும் இடம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, சித்தப்பாவின் இரண்டு வாண்டுகள், மேல்வீட்டுத் தையல்காரம்மா, அவள் கடைக்குட்டி, இத்தனை பேரும் ஞாயிறு மாலை கூடத்தில் உட்கார்ந்து நீ அனுப்பிய கரடிப் படத்தைப் பார்த்தோம், கடவுள் புண்ணியத்தில் இத்தனை பேரும் நலம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

ஊர் உலகத்துக் கதைகளையெல்லாம் தேடிப் பிடித்துக் குழந்தைகளுக்குக் குட்டிக் குட்டிப் படமாக்குகிறீர்கள், அது பெரிய புண்ணியம். ஆனால் கரடிக்குட்டி வெயிலைத் தேடி அலைந்து குகைக்குத் திரும்பி, பனிக்காலத் தூக்கத்தில் இருக்கும் அம்மா பக்கத்தில் சத்தமே இல்லாமல் சும்மா உட்காரும் இடத்தை வெட்ட வேண்டும், சத்தமில்லாவிட்டால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும் என்று உன் மேலாளர் சொன்னதாகவும், வெட்டினால் படத்தில் உன் பெயரே வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி உள்ளபடி எழுதச் சொன்னாய், அப்படியே எழுதுகிறேன்.

அந்த இடம் வந்ததும் சத்தமே கேட்காமல் போக, டிவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் எழுந்து போய் இரண்டு தட்டுத் தட்டி, பின்னால் வயரையும் இழுத்துப் பார்த்தேன். பெரிய வாண்டு, "பெரியம்மா, மறைக்காதீங்க. அவங்கம்மா எழுந்திரிப்பாங்களான்னு அது பாத்துட்டு இருக்கு" என்றான். அப்பா சிரித்துக்கொண்டே, "உம் பொண்ணு படத்துக்கு நீதான் வில்லி, உக்காரு" என்றார். அப்புறம் ஒருவரும் அசையவில்லை. மடக்கி உட்கார்ந்த காலைக்கூடச் சின்ன வாண்டு நீட்டவில்லை.

இன்னொன்றை மறைத்தால் பாவம். மேல்வீட்டுக் கடைக்குட்டி மட்டும், "அம்மாக்கரடி செத்துப்போச்சா" என்று கேட்டு அழுதுவிட்டாள். அவள் எழுந்து ஓடவில்லை, அம்மா மடியில் ஏறிக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். எனக்கு உங்கள் தொழில் தெரியாது, ஆனாலும் தூங்கும் கரடியின் வயிறு ஏறி இறங்குவது இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரிந்தால் போதும் என்று தோன்றியது. சத்தத்துக்காகப் பாட்டெல்லாம் சேர்க்க வேண்டாம்.

கோபத்தில் பெயரை எடுத்துவிடாதே அம்மா, உன் மேலாளரிடம் பொறுமையாகப் பேசு. கடவுள் உனக்குத் துணையிருப்பார். அந்த இடம் இருக்கிறதா போய்விட்டதா என்று வாண்டுகள் தினமும் வந்து கேட்கிறார்கள். சீக்கிரம் எழுது.

ஆசிகளுடன்,
அம்மா