இரண்டு தோட்டாக்கள்

மகளுக்கு,

டாக்டர் சொன்னதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். அதை விடு. இன்று நம் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

அந்தக் காலத்தில் குடகில் வீட்டுக்கொரு துப்பாக்கி, குடை மாதிரி கதவோரம் தொங்கும். சத்தத்தை வைத்தே யார் வீட்டுடையது என்று சொல்லிவிடுவோம். பக்கத்துத் தோட்டத்து பெள்ளியப்பாவின் துப்பாக்கி இருமும். நம்முடையது அதட்டும்.

நீ பிறந்த அன்று வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டேன். பெள்ளியப்பா ஓடி வந்தார்.

"பையனாடா?"

"பொண்ணுண்ணே."

"பொண்ணுன்னா வெண்கலத் தட்டுல்ல தட்டணும்? துப்பாக்கிய எதுக்குடா எடுத்த?"

"தட்டு கைக்குச் சிக்கலண்ணே."

ஊரே சிரித்தது. தட்டு அடுப்படியில்தான் இருந்தது.

சாவுக்கு இரண்டு முறை சுடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆண்பிள்ளைதான் சுட வேண்டுமாம், உன் சித்தப்பா மகன் இப்போதே தயாராக நிற்கிறான். நீ ஏன் இத்தனை வருடம் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

இரண்டு தோட்டாக்களையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவியை உன் கையில் மட்டும் தரச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வானத்தைச் சுடுவதற்குக் குறி பார்க்க வேண்டியதில்லை. வந்து சேர்ந்தால் போதும்.

அப்பா