உதடு, மூக்கு, தொண்டை

எந்நேரமும் என் மனதில் கதைத்துக்கொண்டிருக்கிற என் பெண்சாதி இறேனாவுக்கு,

போன கிழமைதான் உன் ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுத்தோம். வாவியில் இறால் நல்லாய்ப் படுகிறது. வாங்கிச் சமைத்தேன். நீ இருந்திருந்தால் புளி கூடிப்போச்சென்று முகத்தைச் சுளித்திருப்பாய்.

உன் பாடப் படம் இன்னும் முன்னறைச் சுவரில்தான் இருக்கிறது: பாதியாக வெட்டிக் காட்டிய தலை, உள்ளே நாக்கு, அண்ணம், மூக்கு வழி. சனிக்கிழமைகளில் உன்னிடம் இங்கிலிஷ் படிக்க வரும் பிள்ளைகள் கழுத்தில் கையை வைத்து 'ஸ்ஸ்' என்று சீறுவார்கள்; பிறகு அதே சீறலைத் தொண்டை அதிர விட்டு வண்டு மாதிரி இரைவார்கள். ஒவ்வொரு மெய்யொலிக்கும் மூன்று கேள்வி என்பாய். காற்றை எங்கே மறிக்கிறோம்? மறித்துத் திறக்கிறோமா, இடுக்கால் உரச விடுகிறோமா, மூக்கால் அனுப்புகிறோமா? தொண்டை அதிருதா, இல்லையா? பஸ் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கென்று நான் தேத்தண்ணீரோடு வெளியே போய்விடுவேன்.

பிறகு உன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்துத் துளையால் மூச்சு விட்டுக்கொண்டு வீடு வந்த அன்று, தாள் துண்டொன்றை வாய்க்கு முன்னால் பிடித்து 'ப' சொல்லிப் பார்த்தாய். பிள்ளைகளுக்கு அந்தத் தாள் துள்ளும். உனக்கு அது அசையவில்லை. நீ அழவில்லை. நான்தான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

எழுதுவது கதைப்பது போல இல்லை என்று முதல் நாளே எழுதிக் காட்டிவிட்டுக் கொப்பியைத் தள்ளிவிட்டாய். உன் உதட்டைப் பார்த்துத்தான் நான் பிடிக்க வேண்டும். நீ மல்லித் தண்ணீர் கேட்க, நான் சுவரில் பல்லி தேடினேன். சத்தமில்லாமல் சிரித்தாய். அன்றே என்னைப் படத்துக்கு முன்னால் இருத்தினாய். பேப்பர், பஸ், மெசின், மூன்றுக்கும் முதலில் உதடு ஒரே மாதிரித்தான் மூடுகிறது. அதனால் உதட்டை அசைக்கும்போதே கையாலும் காட்டினாய்: கழுத்தைத் தொட்டால் அதிர்வு, மூக்கைத் தொட்டால் மூக்கால் காற்று, ஒன்றையும் தொடாவிட்டால் வெறும் காற்று. நுனிநாக்குக்குப் பல், அடிநாக்குக்குத் தாடை ஓரம். அப்படித்தானே நாங்கள் இரண்டு பேரும் திரும்பக் கதைக்கத் தொடங்கினோம்?

இனிச் சொல்லப்போவதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. கடைசி நாட்களில் உன் விரல்கள் வீங்கி, பேனை பிடிக்கவும் ஏலாமல், கை போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் தடுமாறியது. ஒரு பின்னேரம் ஒரே சொல்லை மூன்று தரம் காட்டினாய். எனக்கு அலுப்பு, பயமும்கூட. "ஓம் புள்ள, ஓம்," என்று தலையாட்டினேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ ஒன்றுமே கேட்கவில்லை. நான் பொய்க்குத் தலையாட்டியது உனக்குத் தெரிந்துவிட்டதுதானே?

போன மாதம் உன்னோடு படிப்பித்த ஸ்டெல்லா டீச்சர் வந்தார். தேற்றாத்தீவில் ஒரு மேசனுக்கும் உனக்குச் செய்த அதே ஒப்பரேசன், அவர் மனைவிக்கு உங்கள் கைப்பாசையைச் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டார். படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டாம் சனிக்கிழமை, அந்த மனுசன் பல்லையும் மூக்கையும் தொட்டு என்னவோ சொன்னார். மனைவி தலையாட்டினார். ஆனால் மனைவிக்கு விளங்கவில்லை. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாதா?

"விளங்காட்டி ஓம் எண்டு சொல்லாதீங்க தங்கச்சி," என்றேன். "மறுகா ஒருக்காக் கேளுங்க. எத்தின தரமெண்டாலும் கேளுங்க."

நாலாம் தரம் விளங்கியது. உட்காரக் கதிரையை முற்றத்தில் போடச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. நீயும் அப்படி ஒரு சின்ன விசயத்தைத்தான் கேட்டாயா? ஜன்னலைத் திறக்கச் சொன்னாயா? பக்கத்தில் இருக்கச் சொன்னாயா?

சனிக்கிழமை தவறாமல் அங்கே போவேன். என் மனதில் கதைக்கிற உனக்கு முன்னால் இனி ஒருபோதும் விளங்கியவன் போல நடிக்கமாட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் சொல்கிறேன்: எனக்கு விளங்கல்ல, புள்ள. மறுகா ஒருக்காச் சொல்லு.

உன் மச்சான்,
சவரிமுத்து