வீடு மாறி வந்தவர்

சேர்,

அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார். போத்தலை மூட மறந்திருக்கிறார். பயிற்சி நாட்களில் உங்களுக்கு முன்னால் மைதானத்துக்கு வந்துவிடுகிற அதே வாசம் வீடெல்லாம் நிற்கிறது. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா புரளும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன்.

கண்டியில் எல்லாரும் ரகர் என்கிற பதினைந்து பேர் ரக்பியில் பெயரெடுத்த நீங்கள், பதின்மூன்று பேர் ஆடும் லீக் ரக்பிக்கு மாறியபோது கூட்டாளிகள் சிரித்தார்களாம். முழங்கால் போன பிறகுதான் மாத்தளைக்கு வந்து எங்களைப் பழக்கினீர்கள். "சேர் நடக்கிறது ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர் மாதிரி இருக்கு" என்று சிரிப்போம். "இந்தக் கால் ஓட வேண்டியத ஓடி முடிச்சிருச்சு. ஒங்க கால் டியூஷனுக்குக்கூட ஓடாது" என்பீர்கள்.

டியூஷன் என்று வீட்டில் சொல்லித்தான் நான் வந்தேன். அது உங்களுக்குத் தெரியாது. கண்டிப் போட்டிக்கு என்னை அனுப்பும்படி கேட்க, அலுவிகாரை ஏற்றத்தில் நொண்டிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்.

"ஒங்க மக நல்லா ரகர் ஆடுறாங்க, ஐயா."

"பொம்பளப் புள்ளைக்கு ரகரா?" அப்பா என் பக்கம் திரும்பினார். "இவர ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "மன்னிச்சுக்கங்க ஐயா. வீடு மாறி வந்துட்டேன்" என்று படியிறங்கிப் போனீர்கள்.

அடுத்த பயிற்சியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பந்தை எறிந்து, "என்ன நிக்கிற, ஓடு" என்றீர்கள். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்றிருந்தேன். போன கிழமை தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். பலாபத்வலயில் உங்கள் வீட்டுக்கு டீமில் எல்லாரும் போனார்கள். நான் டியூஷனில் இருந்தேன்.

இன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அன்னைக்கு வீடு மாறி வந்தாரே, அந்த ரகர் மாஸ்டர் செத்துட்டாராம். மரியாதையான மனுசன், பாவம்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

எதிரணி பிடித்து விழுத்தினால் எழும்பி, பந்தைக் கீழே வைத்து, காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். அப்போதுதான் ஆட்டம் நகரும். நானோ பயத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடப்பேன். "கட்டிக்கிட்டே கெடந்தா யாரு ஆடுறது? எழும்பு. கீழ வை" என்று கத்துவீர்கள்.

ஆடும்போது வாயில் மாட்டிக்கொள்ள நீங்கள் வாங்கித் தந்த பல் காப்பு இத்தனை நாளும் என் பழைய சப்பாத்துக்குள் ஒளிந்திருந்தது. சற்று முன் அதை எடுத்துப்போய் தைலப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் அப்பாவின் கை முதலில் போவது அங்கேதான். பல் அடித்துக்கொள்கிறது, சேர். திரும்ப எடுத்துவிடலாம் என்று கதவு வரை போனேன். உங்கள் சத்தம் கேட்டது. வந்து படுத்துவிட்டேன்.