சிவப்புப் பொட்டு வைத்த பெட்டி

மாப்ளே,

நேற்று வேனை விற்றுவிட்டேன். வாங்க வந்தவன் லேசுப்பட்டவன் இல்லை, என்னைப் போலவே சந்தேகப் பேர்வழி. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணே, இந்த வயரிங் பெட்டி மேல என்ன செவப்புப் பொட்டு? மாத்துன பெட்டியா?" என்றான். நானும் குனிந்து பார்த்தேன். நீ வைத்த பொட்டு. கொஞ்சம் கறுத்திருந்ததே தவிர அழியவில்லை.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் பூ வண்டி ஓட்டப் போனேன், நீ பழனி ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை போட்டாய். இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் கழித்து இந்த வேனை வாங்கினேன். அடுத்த வருடமே அதற்குப் பேய் பிடித்தது. செம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் திண்டுக்கல் வரும்போது, சொட்டு மழை இல்லாமல் வைப்பர் ஆடும். கதவுப் பூட்டு டக் டக்கென்று தானாக விழும். ஒரு நாள் ஹெட்லைட் இரண்டும் பொசுக்கென்று அணைந்து, எதிரே வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

பூவை இறக்கிவிட்டு மத்தியானம் உன் கடைக்கு ஓட்டி வந்தால், வண்டி ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளையாக நிற்கும். நீ ஃபியூஸைப் பார்ப்பாய், பேட்டரியைப் பார்ப்பாய், எர்த் வயரைச் சுரண்டிப் பார்ப்பாய். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பாய். மறுநாள் காலை ரோட்டில் மறுபடியும் ஆட்டம். நாலு தடவை இப்படி நடந்ததும் என் புத்தி கோணலாகப் போனது. முந்தின மாதம்தான் நீ அதில் பாட்டுப்பெட்டி மாட்டிக் கொடுத்திருந்தாய். அப்போதே எதையோ செய்து வைத்துவிட்டாய், நான் உன் கடைக்கே நடையாய் நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். ஆமாம், உன்னைத்தான் நினைத்தேன்.

"லைட்டு, வைப்பர், ஹாரன், பூட்டு அம்புட்டுக்கும் உத்தரவு போடுறது இந்த ஒத்தப் பெட்டிதான். நாட்டாமை மாதிரி. இவரு உளறுனா ஊரே உளறும். ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போ, கழட்டிப் பார்ப்போம்" என்றாய். விட்டுட்டுப் போ என்றதுமே எனக்குச் சுருக்கென்றது. நல்ல பெட்டியை உருவிக்கொண்டு ஏதாவது ஓட்டை உடைசலை மாட்டிவிட்டால் எனக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரியின் நகப்பூச்சை எடுத்துப் போய், பெட்டியின் பக்கவாட்டில் யாரும் பார்க்காதபோது ஒரு பொட்டு வைத்தேன்.

அதோடு நின்றேனா, பாவி? பூ மார்க்கெட்டில் டீ குடிக்கும்போது, கன்னிவாடியிலிருந்து பூ கொண்டுவரும் பாண்டி மாமாவிடம், "அவன்கிட்ட வண்டிய விடாதீங்க மாமா, கை சுத்தமில்ல" என்றேன். சத்தியமாக அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். மார்க்கெட்டுக்கு ஒருவர் போதாதா? உன் கடை வாசலில் வரிசையாக நின்ற பூ வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நீ அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வண்டியை விடாமல் நான் நாள் கடத்துவதைப் பார்த்து, "நீ விட மாட்ட. சரி, நாளைக்குப் பூவுக்கு நானே கூட வாரேன்" என்றாய். வந்தாய். தோட்டத்தில் நான் ஈரத்துணியில் கட்டிய மல்லிகை மூட்டைகளில் ரெண்டை டாஷ்போர்டு மேல் தூக்கி வைத்து, தண்ணீர் தெளித்தேன்.

"ஏலே, இது என்ன?"

"மொதத் தரம் மொட்டுடா. பின்னாடி போட்டா நசுங்கிரும், தண்ணி காட்டலைன்னா வாடிரும்."

நீ டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டாய். எடுத்தபோது விரலெல்லாம் ஈரம். மூட்டையில் வடிந்த தண்ணீர், கண்ணாடி ஓரத்தில் காற்று வரும் துவாரத்தில் இறங்கி நேரே பெட்டி மேல் சொட்டியிருக்கிறது. மத்தியான வெயிலில் காய்ந்துவிடும். அதனால்தான் உன் கடை வாசலில் அது அத்தனை சாது. என் வண்டிக்கு நானே தினமும் தண்ணீர் ஊற்றிக் கெடுத்திருக்கிறேன்.

கடைக்கு வந்து பெட்டியைக் கழற்றினாய். உள்ளே வயர் சொருகும் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு. திருப்பிப் பார்த்தாய், நகப்பூச்சுப் பொட்டு. கட்டை விரலால் தேய்த்தாய். என் முகத்தைப் பார்த்தாய். மறுநாள் மதுரைக்கு பஸ் ஏறிப் புதுப் பெட்டி வாங்கி வந்தாய். லேப்டாப் வைத்திருந்த ஒருவரைக் கூட்டிவந்து, புதுப் பெட்டிக்கு வேனின் சாவியை அடையாளம் காட்டிப் பழக்கிவிட்டாய். மாட்டுவதற்கு முன், மோட்டார் காயில் கம்பிக்குப் பூசும் சிவப்பு வார்னிஷில் குச்சியைத் தொட்டு, அதன் மேல் நீயே ஒரு பொட்டு வைத்தாய்.

"இந்தா, இதுக்கும் வச்சாச்சு. நாளைக்கு மாத்திட்டேன்னு சந்தேகம் வந்தா பார்த்துக்க."

சிரித்தாய். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

அதற்கப்புறமும் எத்தனையோ வருடம் ஒன்றாக டீ குடித்தோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மார்க்கெட்டில் சொன்னதைத் திருப்பி வாங்கவும் இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். உன் கேதத்துக்கு வந்த பூ வண்டிக்காரன் நான் ஒருவன்தான், மாப்ளே.

நேற்று வேன் வாங்கியவன், "நம்பி வாங்கலாமாண்ணே?" என்று கேட்டான். "இதை மாட்டுனவன் கை சுத்தம்பா" என்றேன். சொன்ன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. இன்று காலை மார்க்கெட்டுக்குப் போய்ப் பாண்டி மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இம்புட்டு வருசம் கழிச்சு வந்து சொல்ற" என்றார். "அவன் ஒரு தடவை எங்கிட்ட வந்து கேட்டான்ப்பா, யாரு மாமா என்னைப் பத்திச் சொன்னதுன்னு."

"என் பேரைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்னுதான் நெனைக்கிறேன்."

"எப்ப? எனக்குப் புதுப் பெட்டி மாட்டுறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

மாப்ளே, தெரிந்துகொண்டுதான் மதுரைக்கு பஸ் ஏறினாயா? தெரிந்துகொண்டுதான் அந்தப் பொட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாயா? கேட்க ஆள் இல்லை. என்னை மன்னிச்சிரு.

களிம்பு பிடித்த பழைய பெட்டியை அன்றைக்கு நீ என் கையிலேயே கொடுத்தாய். அது வீட்டுப் பரணில் கிடக்கிறது. மாற்றிய பெட்டிதான், பழசு வீட்டில் கிடக்கிறது என்று நேற்று நான் சொன்னதும், அதையும் சேர்த்துக் கேட்டான் வேன் வாங்கியவன். கொடுக்கவில்லை. அதில் இருப்பது நான் வைத்த பொட்டு.