விட்டுப்போன பதினாறு பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். உன்னிடம் சொல்ல ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நலமில்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நல்லா இருக்கேம்மா என்று நீ சொல்கிற அந்த ஒரு வரியிலேயே உன் காய்ச்சலையும் தூக்கமின்மையையும் கண்டுபிடிக்க நான் பழகிவிட்டேன். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் நீ பேச்சை மாற்றுவாய், நான் அழுவேன், அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா என்று விசாரிப்பார். அதனால்தான் எழுதுகிறேன். அலுவலகத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரித்திருந்தால் மடித்து வைத்துவிட்டுப் போ, வந்து உட்கார்ந்து படி.

முதலில் அப்பா சங்கதி. கணுக்கால் பிசகிவிட்டது, பயப்படாதே, எலும்பு முறியவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிற மனுஷர், எத்தனையோ மாடி உயரத்தில் தொங்கி வேலை செய்தும் உடம்பில் ஒரு கீறல் விழாதவர், வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்த டிராகன் புத்தகத்தை எடுக்க முக்காலியில் ஏறி விழுந்தார். விழும்போதும் புத்தகத்தைக் கீழே விடவில்லையாம், அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்துவீட்டுத் தையல்காரியின் பூனை எங்கள் மாடிப்படிக்குக் கீழே நான்கு குட்டி போட்டிருக்கிறது, அப்பா ஒவ்வொன்றுக்கும் ஏதோ மந்திரவாதி பெயர் வைத்திருக்கிறார், என் வாயில் ஒன்றும் நுழையவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே என்று எத்தனை தடவை சொல்வது.

கால் இப்படி இருக்கும்போதுதான் இரண்டாம் சனிக்கிழமை வந்தது. நூலகத்தில் மாயக்கதை வாசகர் வட்டம் கூடுகிற நாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது நீ அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாயே, அதே வட்டம். நீ போய்விட்டாய், அவர் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. தனியாக நடக்க முடியாது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருடமாகப் புத்தகம் தைக்கிறேன், ஆனால் மேலே அந்தச் செய்தித்தாள் அறையில் நடக்கிற கூட்டத்துக்கு அன்றுதான் முதன்முதலாகப் போனேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, எனக்குப் புத்தகம் என்றால் முதுகும் விளிம்பும் பக்க எண்ணும்தான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தால் அன்றைய வேலை அம்போதான். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டேன். வாய் பிளந்துவிட்டேன். வளர்ந்த மனிதர்கள், கண்ணு! பல் டாக்டர்தான் இப்போது தலைவர், டிராகன் வாய் திறந்து பேசினால் அந்தப் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவேன் என்று சபதம் போல் சொல்கிறார். கணக்கு டீச்சர் இல்லாத நாட்டுக்கெல்லாம் வரைபடம் போட்டு, ராஜகுமாரன் மூன்று நாளில் இத்தனை தூரம் குதிரையில் போயிருக்க முடியாது என்று ஆசிரியரின் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறார். உன் அப்பா, புதிதாகப் படித்த கதையில் மந்திரவாதி கோபுரத்தில் சும்மா மிதந்தே மேலே போகிறான், கயிறு இல்லை, எதிர் எடை இல்லை, இது பொறுப்பான எழுத்தா என்று கேட்கிறார். இதைப் படி, அதைத் தொடாதே, இதில் இரண்டாம் பாகம் சொதப்பல் என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு வேறு. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த மாதம் அவரவர்க்கு மிகப் பிடித்த பழைய புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று முறையாம். பல் டாக்டர் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். ஒன்பது கதவு. முதுகைப் பார்த்ததுமே என் கைவேலை என்று தெரிந்துவிட்டது, பச்சை நூல், வெள்ளை நூல் தீர்ந்துபோய் அந்த ஒரு வருடம் மட்டும்தான் நான் பச்சையில் தைத்தேன். உனக்குக் கதை மனப்பாடமாக இருக்கும், எனக்கு அன்றுதான் தெரிந்தது. சூனியக்காரி அம்மாவின் வீட்டுக்கு ஒன்பது கதவு, ஒவ்வொரு கதவும் ஒரே ஒரு தடவைதான் திறக்கும், அது அவளே கோபத்தில் இட்ட சாபம். மிச்சமிருந்த கடைசிக் கதவைத் திறந்துகொண்டு மகள் வெளியே போகிறாள், கதவு சாத்திக்கொள்கிறது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் கதை. முற்றும் என்றுகூடப் போடாமல் விட்டாரே, அங்கேதான் ஆசிரியர் நிற்கிறார் என்று பல் டாக்டர் உருகினார். உன் அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்போது போன மாதம்தான் வட்டத்தில் சேர்ந்த ஒரு நர்ஸ், பாவம், பயந்து பயந்து கையைத் தூக்கினாள். ஏங்க, கதவைச் சாத்தினதோட முடிஞ்சிருச்சுன்னு சொல்றீங்க, அவ திரும்பி வர்றாளே, அதை ஏன் யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க என்று கேட்டாள்.

பல் டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. நர்ஸ் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தன் பிரதியை எடுத்து நீட்டினாள். அந்தப் புத்தகம் மறுபதிப்பே வரவில்லையாம், அதனால் இங்கே எல்லோரும் இத்தனை வருடமும் நூலகத்தின் இந்த ஒரே பிரதியைத்தான் மாற்றி மாற்றிப் படித்திருக்கிறார்கள். அவளுடைய புத்தகத்தில் கடைசிப் பக்கம் 428. நம்முடையதில் 412. பதினாறு பக்கம் குறைகிறது. பதினாறு பக்கம் என்றால் ஒரு பாரம், ஒரே தாளை மடித்து வருகிற ஒரு கட்டு. நீ ஒன்று இரண்டு எண்ணப் பழகியதே என் மேசையில் பாரங்களை அடுக்கித்தான். எலி கடித்தால் ஓரம் போகும், யாராவது கிழித்தால் தையலில் அடிக்கட்டை நிற்கும். ஒரு முழுப் பாரம் சுவடே இல்லாமல் போயிருக்கிறதென்றால் தைத்தவள்தான் விட்டிருக்கிறாள். தைத்தவள் அங்கேதான் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். எழுந்துபோய், அது நான் தச்சதுங்க, தப்பு என்னோடது என்று சொன்னேன். புத்தகத்தைக் கையில் வாங்கிப் பின்னட்டையைத் திறந்தேன். படித்தவர்கள் கருத்து எழுத ஒரு சீட்டு ஒட்டுவார்களே, பெயர் போடாமல் இரண்டு வரி எழுதுவது வட்டத்தின் வழக்கமாமே. அந்தச் சீட்டில் முதல் இரண்டு வரி உன் கையெழுத்து. இதைவிடத் துணிச்சலான முடிவை நான் படித்ததில்லை. வீட்டை விட்டுப் போகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய புத்தகம். கீழே தேதி. நீ கிளம்பியதற்கு நான்கு நாள் முந்தைய தேதி.

அப்பா என்னமோ கேட்டார், அவரை அங்கேயே விட்டுவிட்டு நேரே கீழே என் பட்டறைக்கு இறங்கிவிட்டேன். படியில் இறங்க இறங்க எல்லாம் ஞாபகம் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்த அந்தப் புத்தகம் முதுகு உடைந்து வந்தது, பொருளடக்கத் தாள் அப்போதே இல்லை. கடைசிப் பாரம் மடிப்பில் கிழிந்திருந்தது, அதற்கு மெல்லிய தாள் வைத்துப் பசை தடவி இரண்டு சிறிய பலகைக்கு நடுவே காயப் போட்டேன். மறுநாள் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம்தான் நீ வந்து, வேலை கிடைத்துவிட்டது, தூரம், போகிறேன் என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். போறதுன்னா போ, போனா போனதுதான், இந்த வாசல்ல திரும்பக் காலை வைக்காதே. மறுநாள் காலையில் அதே கோபத்தில், பக்கத்தை எண்ணாமல், கையில் இருந்ததை மட்டும் தைத்து முடித்தேன். அதைத்தான் நீ வாங்கிப் படித்திருக்கிறாய்.

பட்டறையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். எங்கேயும் இல்லை. களைத்துப்போய் உட்கார்ந்தபோது கண்ணில் பட்டது, அழுத்தப் பொறிக்குக் கீழே நான் தினமும் எடுத்து எடுத்து வைக்கிற அந்தத் தடிப்பலகை. இத்தனை வருடமும் அது ஒரே பலகை என்றே நினைத்திருந்தேன், இது மட்டும் ஏன் இவ்வளவு தடிமன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. விளிம்பில் ஒரு மயிரிழைக் கோடு. பசை கசிந்து இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தி கொடுத்து நெம்பினேன், பிளந்தது. உள்ளே பதினாறு பக்கம், நேற்று வைத்ததுபோல் அப்படியே வெள்ளையாக. ஒட்டுப்போட்ட மடிப்புகூட நன்றாகக் காய்ந்திருந்தது. காயாமல் என்ன செய்யும், ஒன்பது வருடம்! எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது, நூலகர் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு வாழ்நாளில் முதல் தடவையாக, தைக்க வந்த ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

முடிவை முன்னாலேயே சொல்வது மகாபாவம் என்று உங்கள் கூட்டத்தில் ஒரு சட்டமாம். நான் உங்கள் கூட்டத்து ஆள் இல்லை, சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் மூன்று வருடம் கழித்து வருகிறாள். வழியெல்லாம் பயம், ஒன்பது கதவும் திறந்து முடிந்தாயிற்று, இனி எது திறக்கும் என்று. வந்து பார்த்தால் கதவு இருந்த இடத்தில் கதவே இல்லை, சுவரும் இல்லை. அவள் போன மறுநாளே அந்தச் சூனியக்காரி சாபத்தைத் திரும்ப எடுக்கப் பார்த்திருக்கிறாள். வாயால் விட்டதை வாயால் எடுக்க அவளுக்கு மந்திரம் தெரியவில்லை. அதனால் கையாலேயே சுவரை இடித்துப் போட்டுவிட்டு, மழையிலும் வெயிலிலும் சுவரில்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே அதிர்ச்சி, மகளே. நீ இரண்டு தடவை டிக்கெட் எடுத்துவிட்டு ரத்து செய்தாய், விடுமுறை இல்லை என்றாய், நானும் சரி என்றேன். நான் சொன்ன அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. தப்பு. இதை எழுத எனக்கு ஒன்பது வருடமும் ஒரு புத்தகமும் தேவைப்பட்டிருக்கிறது பார்.

அந்தப் பதினாறு பக்கத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுத்து அனுப்பேன் என்றார் அப்பா, நான் முடியாது என்றுவிட்டேன். அவர் அதைப் படிக்கவும் மாட்டாராம், ஒன்பது வருஷம் அந்த முடிவுக்காக எத்தனை பேரோட சண்டை போட்டிருக்கேன், அவ வந்து படிச்சுக் காட்டினா கேட்டுக்கறேன் என்கிறார். பல் டாக்டருக்கும் மற்றவர்களுக்கும் அதே பிடிவாதம், நர்ஸை வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். மடிப்பை விரித்து அழுத்தாதே, ஒட்டு பிரிந்துவிடும். சாப்பாட்டு மேசையில் வைத்துப் படிக்காதே. காலை உணவைத் தவிர்க்காதே. ஆயுளும் ஆரோக்கியமுமாக, மனதில் ஒரு குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

ஒரு விஷயம் மறக்காதே. அது நூலகத்துச் சொத்து. நூலகர் உன் பழைய உறுப்பினர் அட்டையைத் தேடி எடுத்து, உன் பெயரிலேயே இரவல் பதிந்துதான் கொடுத்தார், தவணை பதினான்கு நாள், தபாலில் திருப்பி வாங்க மாட்டாராம், நேரில் கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டும். புத்தகத்தைப் பிரித்து என் மேசையில் வைத்திருக்கிறேன், ஊசியில் நூலும் கோத்தாயிற்று.

இப்படிக்கு,
எண்ணாமல் தைத்துவிட்ட உன் அம்மா