ஏரிப் பக்கத்து ஜன்னல்

தனக்கு மட்டும் சுவிஸ் விசா கிடைக்காத கோபத்தில் கணவர் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வழியெல்லாம் சோதனைச் சாவடி என்பதால், விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி வெள்ளவத்தை வீட்டு வாசலுக்கு நேரத்தோடு வந்து ஹோன் அடித்தது. நேசமலர் நின்றபடியே எழுதினாள்:

"இஞ்சாருங்கோ, புட்டு மூடி வைச்சிருக்கு. அடையாள அட்டை இல்லாமல் றோட்டுக்கு இறங்காதேங்கோ.

சூரிச்சில இறங்கினால் மருமகன் காரோட நிப்பார் எண்டு நான்தான் அடம்பிடிச்சனான். நீங்கள் ஜெனீவா எண்டீங்கள். அங்கயிருந்து மகள் வீட்டுக்கு ரயில் ஏரிக்கரையால போகும் எண்டு படம் கீறியும் காட்டினீங்கள். நான் சிரிச்சிட்டன்.

டிக்கெட்டை ஜெனீவாவுக்கு மாத்திப்போட்டன். ரயிலில தனியத்தான் போறன்.

உங்கட பிரஷர் குளிசை பிரிஜ்ஜுக்கு மேல."

தாள் முடிந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"ஜன்னல் சீட்டில நான் இருக்கமாட்டன். அது உங்கட இடம்."